தோற்புற்றும் காலத்தாழ்வும்

வயிற்றினுள்ளே வளரும் கட்டியை எவரும் கண்ணாற் காணமாட்டார். ஈரலிலும் நுரையீரலிலும் தோன்றும் புற்று முற்றிய பின்னரே தன்னை வெளிக்காட்டுமாயின் அதில் வியப்பில்லை. தோலோ உடலின் புறவேலி. நாள்தோறும் நீராடும்போது அதனைத் தேய்க்கின்றோம், கண்ணாடியில் நோக்குகின்றோம், பிறரும் அதனையே காண்கின்றனர். ஆகவே எல்லாப் புற்றுக்களுள்ளும் தோற்புற்றே முதன்முதற் கண்டுபிடிக்கப்பட்டு, முதன்முதல் மருத்துவன் கைக்குச் செல்லவேண்டுமென்று எவரும் எண்ணுவர். நடைமுறை அவ்வாறில்லை. கண்ணெதிரே இருக்கும் புண்ணை மாதக்கணக்காகவும், சிலவிடத்து ஆண்டுக்கணக்காகவும் வைத்திருந்து, பின்னரே மருத்துவமனைக்கு வருவோர் பலர்.

இதற்குக் காரணம் அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார் உளர். அவரோடு நாம் உடன்படோம். அறியாமைக்கும் ஒரு பங்குண்டு; ஆயினும் பெரும்பங்கு வேறொன்றற்கு உரியது. தோற்புற்று ஒருவனிடம் வரும்போது புதியதொரு விருந்தினனாக வருவதில்லை. மரு, மச்சம், ஆணி, தழும்பு, நகச்சுற்று, ஆறாப்புண் என ஏற்கெனவே வீட்டில் வழங்கும் பெயர்களுள் ஒன்றைப் பூண்டே வருகின்றது. பெயர் தெரிந்த பொருளை மக்கள் ஆராய்வதில்லை. இப்பெயர்களின் வழியாகவே காலத்தாழ்வின் காரணங்களை இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முன்னர் நோயின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். தோற்புற்றுள் தலையாயவை மூன்று. தோலின் மேற்படையின் அடிவரிசை உயிரணுக்களிற் பிறப்பது ஒன்று. இது பெரும்பாலும் முகத்தில், முத்துப்போன்ற சிறு முடிச்சாகத் தோன்றி, நடுவே குழிந்து, மெல்ல மெல்ல அரித்துச் செல்வது. பிறவுறுப்புக்களுக்குப் பரவுதல் மிக அரிது. டப்ளின் நகரத்து மருத்துவர் ஆர்தர் ஜேக்கப் 1827-ஆம் ஆண்டில் இதனை விரித்தெழுதினார். எலிபோலக் கொறித்துத் தின்பது பற்றி ஆங்கில மருத்துவர் இதற்குக் 'கொறிக்கும் புண்' எனப் பெயரிட்டனர். மேற்படையின் செதில்போன்ற உயிரணுக்களிற் பிறப்பது மற்றொன்று. இது நிணக்கணுக்கள் வழியாகப் பரவ வல்லது. தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்களிற் பிறக்கும் மெலனோமா மூன்றாவது; எண்ணிக்கையிற் குறைந்ததாயினும் கொடுமையில் முதன்மையானது. இம்மூன்றற்கும் பொதுவானதொரு தன்மையுண்டு. தொடக்கத்தில் இவை நோவதில்லை. பல்வலி வந்தால் நள்ளிரவிலும் மருத்துவன் கதவைத் தட்டுவோம். நோவில்லாப் புண்ணைப் பற்றி 'அது பாட்டுக்கு இருக்கிறது' என்று சொல்லி மறந்துவிடுவோம். வலி என்னும் தூதன் வராதவிடத்து ஆபத்தும் வரவில்லையென்று கருதுதல் மனிதவியல்பு.

பெயர் செய்யும் கேட்டிற்குப் பழைய சான்றொன்று இலண்டன் மாநகரத்தில் உண்டு. அந்நகரில் புகைக்கூண்டுகளைத் துப்புரவு செய்தற்குச் சிறுவர்களை உள்ளே ஏற்றிவந்தனர். அவர்கள் வளர்ந்தபின், அவர்களுட் பலருக்கு விதைப்பையின் தோலிற் புண் உண்டாயிற்று. பர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் 1775-ஆம் ஆண்டில் இது புகைக்கரியினால் விளையும் புற்று என்று எழுதினார். ஒரு தொழிலால் விளையும் புற்றென முதன்முதல் உணரப்பட்டது இதுவே. அத்தொழிலாளரோ இதற்குக் 'கரிமரு' என்று தமக்குள்ளே பெயர் வைத்திருந்தனர். கூரை வேய்பவன் கையிற் காய்ப்பு இருப்பதுபோல, புகைக்கூண்டு துடைப்பவனுக்குக் கரிமரு இருக்கும். அவ்வளவே அவர்கள் கருத்து. மருத்துவர்களோ அதனை ஒழுக்கக்கேட்டால் வரும் மேகநோயென மயங்கிப் பாதரசம் கொடுத்துவந்தனர். அதனால் புண் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை என்பதையும் பாட் குறித்துள்ளார். நோயாளன் இட்ட பெயரும் பிழை. மருத்துவன் இட்ட பெயரும் பிழை. இரண்டிற்கும் நடுவே காலம் கழிந்தது.

நம் நாட்டிலேயே இதனினும் தெளிவான சான்று காஷ்மீரத்தில் உண்டு. அங்கே குளிர்காலத்தில் ஒவ்வொருவரும் காங்கிரி என்னும் கணப்பைத் தம்மோடு வைத்துக்கொள்வர். சிறு மட்கலத்தில் நெருப்புக்கரியை இட்டு, அக்கலத்தைச் சுற்றி மெல்லிய கொம்புகளாற் கூடைபோல முடைந்திருப்பர். முழந்தாளுக்குக் கீழும் தொங்கும் தளர்ந்த அங்கியினுள்ளே இதனை வைத்துக்கொண்டு, குந்தியிருக்கும்போது தொடைகளுக்கு இடையிலும், நடக்கும்போது அடிவயிற்றின் மேலும் அணைத்துக்கொள்வர். நெருப்பு சுடுவதில்லை, இதமாகவே இருக்கும். ஆயினும் ஒவ்வோராண்டும் திங்கட்கணக்காக அவ்வெம்மை ஒரே இடத்திற் பட்டுப்பட்டு, தோலில் வலைபோன்ற சிவப்புக் கோடுகள் தோன்றும். அவை நாளடைவிற் கரும்பழுப்பாகி நிலைத்துவிடும். தோல் உலர்ந்து தடிக்கும். பல பத்தாண்டுகள் கழிந்தபின் அவ்விடத்திலே செதில்படர்ந்த தடிப்பொன்றோ ஆறாத புண்ணொன்றோ எழும். அதுவே புற்று.

இதனை உலகறியச் செய்தவர் ஒரு மிஷன் மருத்துவர். வில்லியம் ஜாக்சன் எல்ம்ஸ்லி என்னும் ஸ்காட்லாந்து நாட்டார் 1865-ஆம் ஆண்டில் சர்ச் மிஷன் சங்கத்தின் சார்பாக ஸ்ரீநகர் சென்று மருத்துவம் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே, காஷ்மீர மக்களின் தொடையிலும் வயிற்றிலும் காணப்படும் புற்றுக்குக் காங்கிரியே காரணம் என்று இந்திய மருத்துவப் பத்திரிகையொன்றில் எழுதினார். இங்கு ஒரு செய்தி நம் கருத்தைக் கவர்கின்றது. அக்காலத்து அரசாணையின்படி ஐரோப்பியர் குளிர்காலத்தில் அப்பள்ளத்தாக்கில் தங்குதல் கூடாது. எனவே காங்கிரி எரியும் காலத்தில் மருத்துவர் இல்லை; மருத்துவர் வரும் காலத்தில் காங்கிரி மூலையிற் கிடக்கும். நோயைத் தரும் பொருளையும் நோயைக் காண்பவரையும் பருவமே பிரித்துவைத்தது. அந்நிலையிலும் இரண்டையும் இணைத்து நோக்கிய அவரது அறிவு போற்றத்தக்கது. அவர் 1872-ஆம் ஆண்டில் இறந்தார். பின்னர் வந்த ஆர்தர் நீவ், எர்னஸ்ட் நீவ் என்னும் உடன்பிறந்தார் இருவரும் ஸ்ரீநகரத்து மிஷன் மருத்துவமனையில் நெடுங்காலம் இப்புற்றை அறுத்தெடுத்து வந்தனர். அவருள் இளையவரான எர்னஸ்ட் நீவ் 1923-ஆம் ஆண்டில் தம் அனுபவத்தைப் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்.

காஷ்மீரத்து முதியவர் ஒருவர் மருத்துவரிடம் விரைந்து செல்லாமைக்குக் காரணம் யாதாயிருக்கும்? அவர் தொடையிலுள்ள கருவலை அவர் தந்தைக்கும் இருந்தது, தாய்க்கும் இருந்தது, அண்டைவீட்டாருக்கும் இருந்தது. நரையும் திரையும் போல அதுவும் முதுமையின் அடையாளம். அவ்வலையின் நடுவே ஒருநாள் எழுந்த தடிப்பை வலையினின்றும் வேறாகப் பிரித்துக் காணும் கண் அவருக்கு எவ்வாறு வரும்? மேலும் அது இருப்பதோ ஆடை மறைக்கும் இடம். பெண்டிராயின் கூறவேண்டுவதில்லை. இவ்வாறு தாழ்ப்பதற்குள் நோய் தொடையிடுக்கின் நிணக்கணுக்களைப் பற்றிவிடும். நம் ஊரார் 'நெறி கட்டியிருக்கிறது' என்பார்களே, அந்நெறிதான். காலிற் புண்ணிருந்தால் நெறி கட்டுவது வழக்கமாதலின், அந்தக் கடைசி எச்சரிக்கையும் பழகிய பெயருக்குள்ளே மறைந்துபோகின்றது.

உடையும் இவ்வாறே செய்வதுண்டு. பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையைச் சார்ந்த கானோல்கர் என்னும் நோய்க்கூற்றறிஞர் 1945-ஆம் ஆண்டில், பழக்கவழக்கங்களால் விளையும் புற்றுக்களைப் பற்றி எழுதியபோது வேட்டிப் புற்று என ஒன்றைக் குறிப்பிட்டார். வேட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டுவதால் ஒரே இடம் பல்லாண்டு உராய்ந்து, நிறம் மாறித் தழும்பேறி, அரிதாகப் புற்றாகவும் மாறுகின்றது. சேலையும் பாவாடை நாடாவும் இறுகும் இடுப்பில் மகளிர்க்கும் இவ்வாறு நேர்ந்ததை மருத்துவர் எழுதியுள்ளனர். இடுப்பிற் கயிற்றுத் தடம் இல்லாத உழைப்பாளிப் பெண் நம் நாட்டில் யார்? ஆதலின் அத்தடத்தில் எழும் புண்ணை அவள் நாடாவின் மேல் ஏற்றிச்சொல்லி, நாடாவைச் சற்று மேலேயோ கீழேயோ கட்டிக்கொள்வாள். இத்தகைய புற்று மிக அரிதென்பதையும் சொல்லுதல் வேண்டும். நாடா கட்டுவோரெல்லாம் அஞ்சவேண்டுவதில்லை. தடம் புண்ணாகி ஆறாதிருந்தால் மட்டுமே அது தடமன்று எனக் கொள்ளவேண்டும்.

தமிழ்நாட்டு மிஷன் மருத்துவமனைகளோடு தொடர்புடையது தொழுநோயாளரின் உள்ளங்காற் புண். தொழுநோயால் உணர்ச்சியற்ற காலில் கல்லும் முள்ளும் தைத்து உண்டாகும் புண் பத்தாண்டு, இருபதாண்டு ஆறாமல் இருப்பதுண்டு. தீப்புண்ணின் பழந்தழும்பிலும் நெடுநாட் புண்ணிலும் புற்று எழக்கூடும். பிரெஞ்சு மருத்துவர் மார்ஜோலின் 1828-இல் தழும்புகளில் எழும் புண்களைப் பற்றி எழுதினமையால், அத்தகைய புற்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. இருபதாண்டாக நாள்தோறும் கட்டவிழ்த்துக் கட்டிய புண், ஒருநாள் விளிம்பு தடித்து, காலிப்ளவர்ப் பூப்போல மேலெழுந்து, நாற்றமும் குருதியும் கொள்ளுமாயின், அந்த மாற்றத்தை அவன் உணர்வது எளிதன்று. வலிக்கும் வழி அங்கே முன்னரே அடைபட்டது. அவனுடைய புண்ணுக்கு வயது இருபது. புற்றுக்கோ வயது ஆறு திங்கள். இரண்டிற்கும் ஒரே பெயர்.

இனி நம் மொழியையே எடுத்துக்கொள்வோம். நற்பேறு உடையவனை மச்சக்காரன் என்கின்றோம். உடலில் எவ்விடத்து மச்சம் இருந்தால் என்ன பலன் என்று கூறும் மச்ச சாஸ்திரம் இன்றும் அச்சேறி விற்கப்படுகின்றது. மச்சம் அழகென்றும் அதிர்ஷ்டமென்றும் கேட்டு வளர்ந்த ஒருவன், தன் மச்சம் சற்றுப் பெரிதாவதைக் கண்டு அஞ்சுவானா, மகிழ்வானா? மச்சங்களுட் பெரும்பாலன தீங்கற்றவை என்பது உண்மை. இருபுறமும் ஒத்திராமை, ஓரம் சிதறியிருத்தல், ஒரே மச்சத்திற் பல நிறம், அகலம் மிகுதல் என்னும் நான்கையும் 1985-ஆம் ஆண்டில் நியூயார்க்கு மருத்துவர் ஐயக்குறிகளாக வகுத்தனர். நாளடைவில் மாறிக்கொண்டே வருதல் என்னும் ஐந்தாவது குறி 2004-இற் சேர்க்கப்பட்டது. எம் கருத்தில் இவ்வைந்தனுள் கடையிற் சேர்ந்ததே தலையாயது. மற்றவற்றை அளக்கப் பழகிய கண் வேண்டும். மாற்றத்தை உடையவனே அறிவான்.

நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலிற் செருகிக்கொள்வது நம் வீட்டு வைத்தியம். சாதாரண நகச்சுற்றுக்கு அது பொருந்தும்போலும். ஆனால் ஜானதன் ஹட்சின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் 1886-ஆம் ஆண்டிலேயே 'கரிய நகச்சுற்று' என ஒன்றைப் பிரித்துக் காட்டினார். நகத்தின் அடியில் எழும் மெலனோமாவே அது. நகத்தைச் சூழ்ந்த தோலிலும் கருமை படர்தலை இன்றும் அவர் பெயரால் ஹட்சின்சன் குறி என்பர். நகச்சுற்று இரண்டு நாளிற் குத்தி வலித்துப் பழுத்துடைந்துவிடும். இதுவோ வலியின்றித் திங்கட்கணக்காகக் கறுக்கும். உள்ளங்காலில் எழும் மெலனோமாவும் இவ்வாறே கால் ஆணியென மயங்கப்படும். எருக்கம்பால் தடவுவதும், சுண்ணாம்பு வைத்து எரிப்பதும், பிளேடால் சீவுவதும் நடைபெறும். மேற்பகுதி சீவப்படும்; வேர் உள்ளே செல்லும்.

ஜமைக்காத் தீவில் பிறந்து உலகப்புகழ் பெற்ற பாடகர் பாப் மார்லியின் கதை இதற்கு எடுத்துக்காட்டு. அவருக்குக் காற்பெருவிரல் நகத்தின் அடியில் புண் இருந்தது. பந்தாட்டத்தில் அடிபட்டதென்றே அது கருதப்பட்டது. மெலனோமா என 1977-ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. விரலைக் களையும்படி கூறப்பட்டதையும், தம் சமயக்கொள்கை காரணமாக அவர் அதனை ஏற்கவில்லையென்பதையும் அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். நகத்தையும் அதன் படுகையையும் மட்டும் நீக்கினர். நோய் பிறவுறுப்புக்களுக்குப் பரவி, 1981-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள், தம் முப்பத்தாறாம் வயதில் அவர் இறந்தார். பொருளும் புகழும் மருத்துவரும் அவருக்குக் குறைவில்லை. 'ஆட்டத்திற் பட்ட அடி' என்னும் விளக்கம் அவருக்கும் எளிதாகக் கையிற் கிடைத்தது.

கறுத்த மேனியருக்குத் தோற்புற்று வாராது என்னும் எண்ணமும் இங்கே வலியது. அஃது அரைகுறை உண்மை. தோலின் கருநிறம் கதிரவனின் கொடிய கதிர்களைத் தடுப்பதால், வெண்மேனியர் மிகுந்த ஆஸ்திரேலியாவிற் காணுமளவு தோற்புற்று நம்மிடையே இல்லை. அந்நாட்டில் வெயிலைத் தடுக்கும்படி மக்களுக்குக் கற்பிக்கும் பேரியக்கமே 1981 முதல் நடைபெற்று வருகின்றது. ஆனால் கருநிறம் காவாத இடங்கள் உண்டு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகியவை அவை. கறுத்த மேனியருக்கு மெலனோமா வருமாயின் பெரும்பாலும் அங்கேதான் வரும். அங்கே வெயிலுக்கும் அதற்கும் தொடர்பு மிகக் குறைவு. உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் நம்முள் எத்தனை பேருக்கு உண்டு? மேலும் மருத்துவப் புத்தகங்களின் படங்கள் பெரும்பாலும் வெண்மேனியின் மேல் எடுக்கப்பட்டவையாதலால், கற்ற மருத்துவரும் கருந்தோலின்மேற் கருமையைக் காணத் தவறுதல் உண்டு.

அறிந்தே தாழ்ப்போரும் உளர். இவரைப் பற்றிச் சிறிது நின்று நினைக்கவேண்டும். புற்று என்னும் சொல்லே நம் மொழியில் அச்சந்தருவது; கறையான் கட்டிய மேட்டையும் பாம்பு உறையும் வளையையும் ஒருங்கே நினைவூட்டுவது. தன் சிற்றப்பனோ அத்தையோ புற்றினால் வருந்தி மாண்டதைக் கண்டவன், தன் உடலிற் கட்டியைக் கண்டவுடன் மருத்துவமனைக்கு ஓடுவான் என்று எண்ணுதல் தவறு. காட்டாதவரையில் அது பெயரில்லாத கட்டி. காட்டினால் அதற்குப் பெயர் வந்துவிடும். அப்பெயரைக் கேட்கவே அவன் அஞ்சுகின்றான். நம் நாட்டில் தோலிற் படை கண்டால் தொழுநோயென ஊரார் விலக்கிவைப்பரோ என்னும் அச்சமும் இதனோடு சேர்கின்றது. மகள் மணம் முடியட்டும், தேர்வு கழியட்டும், அறுவடை ஆகட்டும் எனத் தவணை நீளுகின்றது.

கூலியாள் நிலை வேறு. அவனுக்கு நோயின் அளவுகோல் வேலையே. மண்வெட்டி பிடிக்க முடிந்தால் நோயில்லை, முடியாவிட்டால் நோய். நோவில்லாப் புண்ணுக்காக ஒருநாட் கூலியை இழந்து, பேருந்துக்குப் பணங்கொடுத்து, நகரத்து மருத்துவமனையில் வரிசையில் நின்று, மறுநாள் வாவென்று கேட்டுத் திரும்புவதை அவன் விரும்பாததில் என்ன குற்றம்? இவனைச் சோம்பேறியென்போர் அவ்வரிசையில் ஒருநாளேனும் நின்றவரல்லர்.

பழி முழுதும் நோயாளன்மேல் இல்லையென்பதை நியூயார்க்கில் பாக், காலோ என்னும் மருத்துவர் இருவர் 1938-ஆம் ஆண்டிலேயே எழுதிக்காட்டினர். முதற்குறி கண்டு மூன்று திங்களுக்குமேல் நோயாளன் வாராதிருப்பின் அஃது அவன் தாழ்ப்பென்றும், வந்தபின் ஒரு திங்களுக்குமேல் உரிய சிகிச்சை தொடங்காவிடின் அது மருத்துவன் தாழ்ப்பென்றும் அவர்கள் எல்லை வகுத்தனர். சோதியாமற் களிம்பு எழுதிக்கொடுத்து அனுப்பும் மருத்துவன், நோயாளனின் பழம்பெயருக்குத் தன் முத்திரையையும் இட்டுவிடுகின்றான். 'டாக்டரே பார்த்துவிட்டார்' என்ற பின் யார் மீண்டும் காட்டுவர்?

இத்தாழ்வின் விலை மில்லிமீட்டரில் அளக்கப்படுகின்றது. அமெரிக்க நோய்க்கூற்றறிஞர் அலெக்சாந்தர் பிரெஸ்லோ 1970-ஆம் ஆண்டில், மெலனோமா தோலினுள் எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்பதே நோயாளனின் வருங்காலத்தைக் காட்டும் என்று நிறுவினார். 0.76 மில்லிமீட்டருக்கு மெலிந்த புற்றுடையாருள் எவருக்கும் நோய் மீளவில்லையெனத் தம் நோயாளரைக் கொண்டு அவர் கண்டார். இன்றும் 1, 2, 4 மில்லிமீட்டர் என்னும் எல்லைகளைக் கொண்டே மருத்துவர் நிலை வகுக்கின்றனர். ஒரு ரூபாய் நாணயத்தின் கனமே ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படும். அவ்வளவு மெல்லிய இடைவெளியிலே தையலிட்டு வீடு திரும்புவோனும் திரும்பாதவனும் பிரிகின்றனர்.

தன் முதுகைத் தானே காண்பவன் இல்லை. மருத்துவத்தை நோயாளன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவான் என நால்வகையாக வகுத்த வள்ளுவர் நான்காமவனை ஏன் சேர்த்தார் என்பது தோற்புற்றில் நன்கு விளங்கும். முதுகிலும் பிடரியிலும் தலைமயிருக்கு இடையிலும் உள்ள மாற்றத்தை மனைவியோ, எண்ணெய் தேய்த்துவிடும் தாயோ, முடிதிருத்துபவரோதான் முதலிற் காண்பர். சீரியா நாட்டுப் படைத்தலைவன் நாகமான் தொழுநோய் நீங்கியதற்கும் அவன் மனைவிக்குப் பணிசெய்த சிறுபெண்ணின் ஒரு சொல்லே தொடக்கம். அவனும் முதலிற் சினந்து திரும்பினான். தீர்க்கதரிசி சொன்ன மருந்து மிக எளிதாயிருந்ததே காரணம். இங்கும் முதற்படி எளிதே. மரத்துப்போகும் ஊசியொன்றை இட்டு, ஐயத்திற்குரிய இடத்திற் சிறுதுண்டு வெட்டியெடுத்து, இரண்டொரு தையலிட்டு, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவர். அத்துண்டை மெழுகிற் பதித்து, மெல்லிய தகடுகளாகச் சீவி, சாயமிட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பர். சில நாளில் விடை வரும். மருவாயின் மரு என்றே எழுதியிருக்கும்.